கொதிக்காத கொதிப்பு



பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வருகிற ஹெப்பகோடியிலே, அதிகாலையில் ஷிப்டு முடிந்து தொழிற்சாலை வாயில்களிலிருந்து வெளிப்படும் ஜனத்திரளின் நடுவே நின்றால், கிருஷ்ணகிரித் தமிழும் தருமபுரித் தமிழும் காதில் விழும். குடும்பத்தை ஊரில் விட்டு, ஒற்றை அறையில் நாலு பேராகத் தங்கி, பிறர் விழிக்கும் வேளையில் உறங்கப் போகும் இந்தச் சகோதரர்களை எண்ணியே இன்று பேச வந்திருக்கிறேன்.

'இரத்தக் கொதிப்பு' என்று இந்த வியாதிக்கு நாம் இட்ட பெயரே நம்மை வஞ்சித்துவிடுகிறது. கொதிப்பென்றால் கோபம் வரவேண்டும், முகம் சிவக்கவேண்டும், தலை சுற்றவேண்டும் என்று எண்ணி, "எனக்குக் கோபமே வராதே, எனக்கு ஏது பி.பி.?" என்று கேட்கிற சாந்த குணமுடையவர்கள் எத்தனையோ பேர். இரத்தம் கொதிப்பதில்லை; குழாய்ச் சுவரின்மீது அது தாக்கும் விசை மிகுந்து, அந்த விசை ஆண்டுக்கணக்கில் நீடித்து, இருதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் ஓசையின்றி நலியச் செய்கிறது. பெரும்பாலோருக்கு வலியோ மயக்கமோ ஒன்றும் தோன்றுவதில்லை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசம் முழுவதும் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் இந்த உபாதை இருக்கிறது.

காரணங்களில் பரம்பரைக்கும் வயதுக்கும் பங்குண்டு. அவற்றை நம்மால் மாற்ற இயலாது. உடற்பருமன், புகையிலை, மது ஆகியவற்றின் தீமையை யாவரும் அறிவர். உப்பைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். மிகுதியாக உண்ட உப்பு தேகத்தில் நீரைத் தேக்கிவைக்கிறது. நீர் பெருகினால் இரத்தத்தின் அளவு பெருகி, விசையும் ஏறுகிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள், உப்பு அடங்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்த நமக்கு இது கடினந்தான். ஆயினும், சமைக்கப் பொழுதில்லாத அந்த ஒற்றை அறையில், வெறுஞ்சோற்றுக்கு ஊறுகாயும் அப்பளமும் பொட்டலத்து மிக்சருமே துணையாகும்போது, குழம்பில் உப்பைக் குறைத்து என்ன பயன்? ஆனேக்கல் வட்டாரத்திலும் ஓசூர்ப் பக்கத்திலும் பிறந்தவர்களுக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் அன்னியமல்ல. அளவாய் உப்பிட்ட அந்த ஆகாரத்துக்குத் திரும்பினாலே போதும்.

உறக்கமும் அப்படியே. இரவு நித்திரையில் இரத்த அழுத்தம் இயல்பாகத் தாழ்ந்து இருதயம் இளைப்பாறுகிறது. இரவெல்லாம் விழித்து, பகலில் லாரிச் சத்தத்தின் நடுவே அரைகுறையாகக் கண்ணயர்பவருக்கு அந்த இளைப்பாறல் கிட்டுவதில்லை. இதைத் தொழிலாளியின் குற்றமென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை; ஷிப்டுகளை வகுப்பவர்களும் சிந்திக்கவேண்டிய விஷயம் இது. தொழிலாளி செய்யக்கூடியது, ஜன்னலுக்குக் கனத்த திரையிட்டு இருளாக்கி உறங்குவதும், நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடப்பதுமே.

மருந்து தேவைப்படுவோர் அதற்கு அஞ்சலாகாது. 1949-இல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வகீல், நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை ஆங்கில மருத்துவ ஏட்டில் எழுதி உலகத்தின் கவனத்தை ஈர்த்தார். இன்று அதனினும் சிறந்த மாத்திரைகள் உள்ளன. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அவற்றை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. ஊரிலிருக்கும் தாய் தந்தையர் அதைப் பெற்றுக்கொள்ள, எல்லைக்கு இப்பால் உழைக்கும் மகன் ஒருமுறைகூட அளந்து பார்த்திராமல் இருப்பதுண்டு.

அளக்கப் போகிறவர்கள் அதற்கு முன் அரைமணி நேரம் காப்பியும் பீடியும் தவிர்த்து, ஐந்து நிமிஷம் முதுகு சாய்ந்து அமைதியாய் அமர்ந்து, கையை இருதயத்தின் மட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் காட்டினால், வேறொரு நாளும் அளந்து பார்த்து, வைத்தியரிடம் சென்று கேளுங்கள்.