நோகாமல் சிரிக்க வைத்தவர்

(திருவட்டாற்றில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிஞர் ஒருவரைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நகைச்சுவைக் கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன் என்று நான் சொன்னபோது நம் செயலாளர் சற்றுத் தயங்கினார். விழா மலரில் அச்சேறப் போகும் உரையாயிற்றே என்பது அவர் கவலை. அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்லவில்லை. கூட்டம் முடிந்த பிறகு தேநீரோடு சேர்த்துக்கொள்ளும் ஒன்றாகவே நாம் சிரிப்பை வைத்திருக்கிறோம். கூட்டத்தின் பொருளாக அதைக் கொள்வதில்லை.

தொல்காப்பியர் அப்படிக் கருதவில்லை. மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே அவர் முதலில் வைத்தார். அந்த நகை எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கினின்றும் பிறக்கும் என்றார். இவற்றுள் எள்ளலுக்குப் பேராசிரியர் உரை காணும்போது, தான் பிறரை எள்ளி நகுவதும் பிறர் தன்னை எள்ளத் தான் நகுவதும் என இரண்டாகப் பிரிக்கிறார். நகைச்சுவைக் கலைஞன் ஒருவனை எடைபோட இந்தப் பிரிவே போதும் என்பது என் எண்ணம். அவன் யாரை எள்ளினான், எதை எள்ளினான், தன்னை எள்ள விட்டானா என்று கேட்டால் அவன் தரம் தெரிந்துவிடும். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் வாழ்க்கையை இந்தக் கேள்வியோடு அணுக விரும்புகிறேன்.

நாம் இருக்கும் திருவட்டாறு, கண்டிப்பாகச் சொன்னால், பழைய நாஞ்சில் நாட்டுக்குள் வராது. தோவாளையும் அகஸ்தீஸ்வரமுமே நாஞ்சில் நாடு. ஆயினும் முன்பு நாமும் அவர்களும் ஒரே திருவிதாங்கூரின் மக்களாக இருந்தோம். நம் ஆதிகேசவப் பெருமாள் கோயில் விழாவில் கதகளியைப் பார்த்தவர்களும், அங்கே கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டைக் கேட்டவர்களும் தூரத்து அயலார் அல்லர். ஆகவே அவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ள நமக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

1908 நவம்பர் 29 அன்று நாகர்கோவில் ஒழுகினசேரியில் அவர் பிறந்தார். தந்தை பெயர் சுடலைமுத்து, தாய் பெயர் இசக்கியம்மாள். வில்லுப்பாட்டில் பாடப்படும் இரு தெய்வங்களின் பெயர்கள் பெற்றோர் பெயர்களிலேயே இருந்தன. வறுமை காரணமாகத் தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன், விற்றுக்கொண்டே நாடகம் பார்த்தான். வில்லுப்பாட்டுக் குழுவில் பழகி, பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடக சபையில் சேர்ந்தான். சபையின் நாடகமான 'மேனகா' 1935இல் திரைப்படமானபோது அதிலும் நடித்தார். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி' 1936இல் வந்தது. எம். ஜி. ராமச்சந்திரனும் டி. எஸ். பாலையாவும் அறிமுகமானது அந்தப் படத்தில்தான். 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் புனேக்குச் சென்றபோது டி. ஏ. மதுரத்தைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு மணவாழ்க்கையாகவும் கலைவாழ்க்கையாகவும் வளர்ந்தது.

அக்காலப் படங்களில் அவர் பகுதி பெரும்பாலும் தனியே எழுதப்பட்டு, அவருடைய குழுவினராலேயே நடிக்கப்பட்டு, பிறகு கதையோடு சேர்க்கப்பட்டது. புளிமூட்டை ராமசாமி, காக்கா ராதாகிருஷ்ணன் போன்றவர்கள் அவரோடு சேர்ந்து நடித்தவர்கள். இன்று ஸ்டாண்ட் அப் காமெடி என்று வழங்கும் மேடைச் சிரிப்புக் கலையில் ஒருவர் தாமே எழுதித் தாமே நின்று பேசுகிறார். கலைவாணரின் தொழில்முறை அதற்கு மிகத் தொலைவில் இருந்ததன்று. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவர் தனியாக நிற்கவில்லை. வில்லுப்பாட்டில் அண்ணாவி வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்லும்போது, குடம் அடிப்பவரும் உடுக்கை அடிப்பவரும் 'ஆமா' என்று ஏற்றுச் சொல்வார்கள், இடையே குறுக்குக் கேள்வியும் கேட்பார்கள். அண்ணாவி சற்று மிகையாகப் போனால் அந்தக் கேள்வியே அவரை இழுத்துப் பிடிக்கும். திரையில் மதுரம் அம்மையார் செய்தது அந்த வேலைதான். அவர் அளப்பார், அம்மையார் கேட்பார். அளந்தவர் மாட்டிக்கொள்வார். பேராசிரியர் சொன்ன இரண்டாவது வகை எள்ளல் இது. கணவன் தோற்க மனைவி வெல்லும் இந்தச் சிரிப்பைக் குடும்பத்தோடு அமர்ந்து கேட்பதில் யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை. இன்றைய கண்கொண்டு பார்த்தால் உறுத்தும் இடங்கள் அவரிடமும் உண்டு. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. அவர் நடந்த திசையைப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

சுத்தமான நகைச்சுவை என்பது வணிகமாகவும் இருக்கக்கூடும். அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீத் என்னும் அரங்க முதலாளி தம் வாடவில் மேடைகளில் ஆபாசச் சொற்களுக்குத் தடை விதித்தார். பெண்களும் குழந்தைகளும் வந்தால் இருக்கைகள் நிறையும் என்பது அவர் கணக்கு. கலைவாணருக்கும் வசூல் வேண்டியிருந்தது. ஆனால் எந்தச் சொல்லை விடுவது என்ற கேள்வியோடு அவர் நிற்கவில்லை. எந்த மனிதரை விடுவது என்றும் யோசித்தார். மூடப்பழக்கத்தை எள்ளினார், குடியை எள்ளினார், சாதிச் செருக்கை எள்ளினார். பழக்கத்துக்கு அடிமையான மனிதனுக்கு மட்டும் தப்பிக்க ஒரு வாசலைத் திறந்தே வைத்தார்.

இதற்குச் சான்றாகப் பலரும் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாதுரைக்கு வாக்குக் கேட்கச் சென்றவர், எதிர்த்து நின்ற மருத்துவரின் கைராசியை மேடையில் நெடுநேரம் புகழ்ந்தாராம். கட்சிக்காரர்கள் திகைத்துப் போனார்கள். கடைசியில், இத்தனை நல்ல மருத்துவரைச் சென்னைக்கு அனுப்பிவிட்டால் உங்கள் நோய்க்கு யாரிடம் போவீர்கள், அவரை இங்கேயே வைத்துக்கொண்டு அண்ணாதுரையை அனுப்புங்கள் என்று முடித்தாராம். எதிரியும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரிக்கத்தக்க தாக்குதல் அது.

இப்படிப்பட்டவரின் வாழ்க்கையில்தான் அந்தக் கொடிய அத்தியாயமும் வந்தது. லட்சுமிகாந்தன் என்பவர் திரைக் கலைஞர்களின் அந்தரங்கங்களை எழுதி இதழ் நடத்தியவர். 1944 நவம்பரில் அவர் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள். 1945இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று திரும்பி, 1947 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. இரண்டாண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்தன. வெளியே மதுரம் அம்மையார், எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகக் குழுவைக் காப்பாற்றினார்.

இந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அந்த இதழும் வாசகரைச் சிரிக்க வைத்ததுதான். ஒருவரின் படுக்கையறையைக் காட்டி மற்றொருவரைச் சிரிக்க வைத்தது. அதைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்களும், கலைவாணரின் படத்துக்குச் சீட்டு வாங்கியவர்களும் ஒரே ஊர் மக்கள். இரு சிரிப்புக்கும் நம் உள்ளே இடம் இருக்கிறது. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது நம் பொறுப்பு.

சிறைக்குப் பின் பாகவதரின் திரைவாழ்க்கை பழைய உயரத்தை எட்டவில்லை. கிருஷ்ணனோ கசப்பை மேடைக்குக் கொண்டுவரவில்லை. அண்ணாதுரை எழுதிய 'நல்லதம்பி' 1949இல் வந்தது. அதில் உடுமலை நாராயண கவியின் பாடல்களோடு அமைந்த 'கிந்தனார்' காலட்சேபத்தை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சிதம்பரத்துக்குப் போக ஏங்கினான். கிந்தன் படிப்புக்காகப் பட்டணம் போக ஏங்குகிறான். நந்தன் தீயில் இறங்க வேண்டியிருந்தது. கிந்தன் ரயிலில் ஏறுகிறான். எல்லாச் சாதியாரையும் ஒரே பெட்டியில் ஏற்றிக்கொண்ட அந்த ரயிலைப் பாட்டு வாழ்த்துகிறது. பள்ளியில் அடித்துத் துரத்தப்பட்ட பையன் கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். பழைய ஆசிரியரைப் பழிவாங்குவது அங்கே நோக்கமன்று. அவர் வெட்கப்படவும் திருந்தவும் இடம் இருக்கிறது. பாகவதர் வேடத்தில் நின்று, பக்தர்களுக்கு நன்கு பழகிய காலட்சேப வடிவத்தையே எடுத்து, அதற்குள் இந்தக் கதையை வைத்தார். வடிவத்தை மதித்தபடியே பொருளை மாற்றிய இச்செயலைக் கவிஞர்களாகிய நீங்கள் எளிதாக எடைபோடுவீர்கள்.

நாகர்கோவிலில் தம் செலவில் காந்திக்கு நினைவுத்தூண் எழுப்பினார். சுப்பு ஆறுமுகம் என்ற இளைஞரைச் சென்னைக்கு அழைத்துச் சென்று வில்லுப்பாட்டில் வளர்த்தார். அந்த இளைஞர் 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022இல் மறையும்வரை வில்லைக் கீழே வைக்கவில்லை. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தே பழகிய கலைவாணர் 1957 ஆகஸ்ட் 30 அன்று, 48ஆம் வயதில் காலமானார்.

இனி என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தலைப்பை நான் கேட்டு வாங்கியதற்குக் காரணம் அதுதான்.

மலையாள நாட்டில் வழிவழியாகச் சொல்லும் ஒரு கதை நம் பகுதியிலும் தெரியும். குஞ்சன் நம்பியார் சாக்கியார் கூத்துக்கு மிழாவு வாசித்துக்கொண்டிருந்தபோது கண்ணயர்ந்தாராம். சாக்கியார் அவையறிய அவரைக் கேலி செய்தார். கூத்தில் சாக்கியார் யாரையும் கேலி செய்யலாம், மறுமொழி கூடாது. புண்பட்ட நம்பியார் துள்ளல் என்ற புதிய கலையையே படைத்துவிட்டார் என்பார்கள். கேலி கலைஞனை உருவாக்கும் என்பதற்கு இதை நானே பல மேடைகளில் எடுத்துக்காட்டியிருக்கிறேன். கேலி செய்யப்பட்டு வாய் மூடிப்போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நம் கவியரங்கம் ஒன்றை நான் நடத்தினேன். மலையோரத்திலிருந்து, ரப்பர் பால் வெட்டும் தொழில் செய்யும் இளைஞர் ஒருவர் கவிதை படித்தார். அவர் பேச்சில் மலையாள ஓசை கலந்திருந்தது. அடுத்தவரை அழைக்கும் முன் அவர் ஓசையிலேயே நான் இரண்டு வரி பேசிக் காட்டினேன். அவை குலுங்கிச் சிரித்தது. அவரும் சிரித்தார். அது நல்ல வெற்றி என்று அன்றிரவு எண்ணிக்கொண்டேன். அவர் மறுபடியும் நம் கூட்டத்துக்கு வரவில்லை.

திரைப்படங்களில் நம் மாவட்டத்துப் பேச்சைக் கேலிப்பொருள் ஆக்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. அதே காரியத்தை நான் என் ஊர்க்காரர் ஒருவருக்கு, அவர் கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது செய்தேன். பிறகு ஒருநாள் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். எழுதுகிறீர்களா என்று கேட்டேன். "இல்ல சாரே, வெடியக்காலமே பால் வெட்டப் போணும். அதுக்குத்தான் நேரம்" என்றார். குரலில் வருத்தமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். இந்த மலருக்குக் கவிதை கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினேன். மறுமொழி வரவில்லை.

இன்று மேடைச் சிரிப்பாளர்கள் கைப்பேசித் திரையில் வீடுதோறும் வந்துவிட்டார்கள். அவர்களில் மிகத் திறமையானவர்கள் இருக்கிறார்கள். முன் வரிசையில் இருப்பவரின் உருவத்தையும் ஊரையும் கேட்டுக் கேலி செய்வதையே தொழிலாக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கூட்டத்தில் நின்று ஒருவரைக் காட்டிச் சிரிப்பு வாங்குவது எத்தனை சுலபம் என்பதை நான் செய்து பார்த்திருக்கிறேன். காஞ்சிபுரத்தில் கலைவாணர் செய்தது எத்தனை கடினம் என்பதும் அதனால்தான் எனக்குத் தெரிகிறது.

வட்டத்துக்கு ஒரு விண்ணப்பம். பதினோராம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு ஒரு மாலையை நகைக்கு ஒதுக்குவோம். வில்லுப்பாட்டு முறையில், 'ஆமா' சொல்லவும் குறுக்கே கேட்கவும் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்தியே பேசுவோம். அன்று என் பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்து, "இது சரியா?" என்று கேட்டிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன்.

மலர் அச்சாகி வந்ததும் ஒரு படியை அந்த இளைஞரின் வீட்டுக்கு நானே கொண்டு போவேன். இந்த உரை இருக்கும் பக்கத்தைப் பிரித்துக் காட்ட மாட்டேன். அவர் படித்தால் படிக்கட்டும்.