கம்பி ஏன் மேலே வர வேண்டும்?

பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கமிருந்தும் வந்திருக்கும் பெற்றோரே, இன்று பட்டம் வாங்கும் மக்களே! ஒற்றைப் பிள்ளையைக்கூட ‘மக்களே’ என்று கூப்பிடும் ஊர்க்காரன் நான். அந்த உரிமையோடுதான் பேசுகிறேன்.

சிவில் முடித்தவர்களில் பலர் கட்டமைப்புப் பொறியியலில் எம்.டெக். சேர நினைப்பதாக உங்கள் துறைத் தலைவர் சொன்னார். அதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்குகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒரு பள்ளிக் கட்டடத்துக்கு சன்ஷேடு போட்டோம். சுவரிலிருந்து மூன்றடி வெளியே நீளும் பலகை, அவ்வளவுதான். வரைபடத்தில் கம்பி மேல்பக்கம் காட்டியிருந்தது. அப்படித்தான் கட்டினோம். கான்கிரீட் போடும்போது சட்டி சுமந்தவர்கள் அந்தக் கம்பியின் மேலேயே நடந்தார்கள். மிதிபட மிதிபட அது கீழே இறங்கி சென்ட்ரிங் பலகையில் போய்ப் படுத்தது. பக்கத்தில் நின்ற நான் சிமென்ட் மூட்டையை எண்ணிக்கொண்டிருந்தேன். சென்ட்ரிங் பிரித்த அன்று, சுவரோடு சேரும் இடத்தில் மேல்பக்கம் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. முட்டு ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க சன்ஷேடு மெல்லத் தலை குனிந்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. மறுபடி முட்டு கொடுத்து, அன்றே உடைத்து எடுத்தோம்.

உடைத்துக்கொண்டிருந்த வயதான கொத்தனார் என்னிடம் கேட்டார்: “சாரே, தட்டுக்கெல்லாம் கம்பி அடியில போடச் சொல்லுதீங்க. இதுக்கு மட்டும் ஏன் மேல வரணும்?”

வளைதிருப்புத்திறனுக்கான சூத்திரம் எனக்குத் தெரியும். தேர்வில் அந்தக் கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் அவருக்குச் சொல்ல வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. “டிராயிங்ல அப்படித்தான் இருக்கு” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சுத்தியலைத் தூக்கினார்.

நீட்டிய கையில் ஒரு குடத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள். தோளின் மேல்பக்கம்தான் இழுபடும். அழுத்தத்தைத் தாங்கும் கான்கிரீட்டுக்கு இழுவை ஆகாது. அதனால் இழுவை வரும் பக்கத்தில் கம்பி இருக்க வேண்டும். இந்த நாலு வரியை அவருக்குச் சொல்ல முடியாமல் போனதுதான் என்னை முதுகலைக்கு அனுப்பியது. மேலே படிக்க வேண்டும் என்ற ஆசை அதற்கு முன்பும் இருந்தது. ஆனால் எதைப் படிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது. எந்தக் கல்லூரி, எந்தத் தரவரிசை என்று தேடத் தொடங்கும் முன், உங்களைத் தூங்கவிடாத கேள்வி ஒன்றை ஒரு தாளில் எழுதுங்கள். அதைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். நம் ஊரிலேயே கிடக்கிறது. பொழியூர்ப் பக்கம் கடலோர வீடுகளில் கூரையை நிமிர்ந்து பாருங்கள். காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும். உப்புக்காற்று படும் கடலோரத்தில் கம்பியை மூடிக் குறைந்தது 45 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும், அதன் தரம் எம் 30க்குக் குறையக் கூடாது என்கிறது இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456. அந்தக் கனம் கிடைக்க வேண்டுமானால் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்க வேண்டும். வேலையிடத்தில் வைப்பது கையில் அகப்பட்ட ஜல்லித் துண்டை. அந்த வீட்டைக் கட்டியவர் வெளிநாட்டில் உழைத்த பணத்தையோ, வலை இழுத்த பணத்தையோ அதில் போட்டிருப்பார். இடிக்காமல் அந்தக் கூரையைக் காப்பாற்ற முடியுமா? இது ஒரு நல்ல எம்.டெக். ஆய்வுக்குப் போதுமான கேள்வி.

இன்னொன்று மாத்தூர் தொட்டிப்பாலம். மார்த்தாண்டத்தில் பஸ் மாறினால் போய்விடலாம். பள்ளியில் சுற்றுலாவாகப் போயிருப்பீர்கள். பொறியாளராக ஒரு தடவை போங்கள். காமராசர் ஆட்சியில் திட்டமிட்டு 1966இல் முடித்த பாலம் அது. பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல், விளவங்கோடு, கல்குளம் வட்டங்களின் வயலுக்கு நீர் கொண்டுபோகிறது. தொட்டி ஏறக்குறைய ஏழடி ஆழம், ஏழரை அடி அகலம். விளிம்புவரை நிரம்பினால் ஒரு மீட்டர் நீளத்தில் தண்ணீர் மட்டுமே 5 டன் அளவுக்கு வரும். கணினி கைக்கு வராத காலத்தில் காகிதத்தில் போட்ட கணக்கு அது. இன்று அதற்கு ஏறக்குறைய அறுபது வயது. உள்ளே கம்பி எப்படி இருக்கிறது, இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று உடைக்காமல் அறியும் வித்தையைப் படித்தவர்கள் நமக்கு நிறைய வேண்டும். புதிதாகக் கட்டுவதில் இருக்கும் மோகம் பழையதைப் பேணுவதில் நம்மிடம் இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

கேள்வி கையில் வந்த பிறகு கல்லூரியைத் தேடுவது எளிது. கான்கிரீட்டின் ஆயுள்தான் உங்கள் கேள்வி என்றால், சென்னை ஐ.ஐ.டி.யில் கட்டமைப்புப் பிரிவை மட்டும் பார்த்துவிட்டு நிற்காதீர்கள். கட்டடத் தொழில்நுட்பப் பிரிவையும் பாருங்கள். அதிர்வும் நிலநடுக்கமும் என்றால் யார் அதைப் பாடமாக நடத்துகிறார், ஆய்வுக்கூடம் இருக்கிறதா என்று பாருங்கள். கோழிக்கோடு என்.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி., நம் பக்கத்திலேயே 1939இல் தொடங்கிய திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரி, எல்லாவற்றிலும் கட்டமைப்புப் பொறியியல் எம்.டெக். இருக்கிறது. தரமணியில் இருக்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தின் வேலைகளையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை பிரிந்தபோது விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போனது. அப்பா வீடு பாறசாலையிலும் அம்மா வீடு குழித்துறையிலும் இருக்கிற பிள்ளை, மாநில ஒதுக்கீட்டு இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது எந்தப் பக்கத்துச் சான்றிதழ் என்று தாலுகா ஆபீஸ் படியேறி நிற்கும். அதை இப்போதே சரிபார்த்து வையுங்கள். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதினால் இந்தத் தொல்லை குறையும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. எம்.டெக். இடங்களுக்கு மாநிலக் கோடு கிடையாது. 3 மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். வாங்கிய மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். அதனால் தேர்வை எழுதிவிட்டு ஒரு வருடம் சைட்டில் நில்லுங்கள் என்று நான் தயங்காமல் சொல்வேன். சென்ட்ரிங் பிரிக்கும்போது வயிற்றில் ஒரு பயம் வருமே, அதை அறிந்தவன் வகுப்பில் உட்காரும் விதமே வேறு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கேட் மதிப்பெண்ணோடு சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். வெளிநாட்டுப் படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இருக்கிற பத்து சென்டையும் அடமானம் வைத்துக் கடன் வாங்கும் முன், பிள்ளை என்ன படிக்கப் போகிறது என்று உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற பேச்சில் அது சொல்லட்டும். சொல்லத் திணறினால், இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாம்.

அந்தப் பள்ளியின் சன்ஷேடைத் திரும்பப் போட்டபோது, மேல்கம்பிக்கு அடியில் வளைத்த கம்பியால் முக்காலி வைத்து நிறுத்தினோம். நடப்பதற்குத் தனியாகப் பலகையும் போட்டோம். இப்போதும் அந்த வழியாகப் போனால் இறங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

விழா முடிந்து ஒரு மணி நேரம் இங்கேதான் இருப்பேன். கேள்வியை எழுதிய தாளோடு வாருங்கள். இன்னும் எழுதாதவர்களுக்குத் தாள் நான் தருகிறேன்.