பாறையும் கிணறும்
(கங்கைகொண்டானில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பூமிக்கடியில் ஆறு ஓடுவதாக நம்மில் பலர் நம்புகிறோம். இவ்வூரில் மேலே மண், அதன் கீழ் சிதைந்து பொடிந்த பாறை, அதற்கும் கீழ் கெட்டிப் பாறை. பொடிந்த பாறையின் இடுக்குகளிலும் கெட்டிப் பாறையின் வெடிப்புகளிலுமே தண்ணீர் தங்குகிறது. சிற்றாற்றங்கரையின் மணலும் வண்டலும் மற்றொரு சேமிப்பு. மணலை அள்ளினால் அச்சேமிப்பும் போய்விடும்.

நெய்வேலியின் நிலைமை வேறு. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள தடித்த மணல் அடுக்குகளில் நீர் அழுத்தத்துடன் நிற்கிறது. அதை இடைவிடாது இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். அந்த நினைப்பில் இங்கே துளையிடலாகாது. வெடிப்பு அகப்படாவிடில் ஆயிரம் அடி துளைத்தும் பயனில்லை. சென்ற ஆண்டு என் பரிந்துரையின் பேரிலேயே போட்ட ஒரு துளையில் கல்தூள்தான் வந்தது. கடன் அந்த விவசாயியின் தலைமேல் நிற்கிறது. இதைச் சொல்ல வெட்கமாகவே இருக்கிறது. வெடிப்பு அகப்பட்டாலும், அதுவே அண்டைத் தோட்டக் கிணற்றின் ஊற்றாகவும் இருக்கக்கூடும்.

ஐப்பசி, கார்த்திகை மழை குளத்தில் தேங்கினால் மெல்லக் கசிந்து பொடிந்த பாறையை நிரப்பும். ஆகவே, உங்கள் முன்னுள்ள தீர்மானத்தில் புதிய துளைகளுக்குக் கேட்டுள்ள பணத்தை வரத்துக்கால் தூர்வாரலுக்கு மாற்றுமாறு வேண்டுகிறேன். மாதந்தோறும் கிணறுகளின் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து குறித்து வையுங்கள். அடுத்த சித்திரையில் அக்குறிப்பேட்டுடன் அமர்ந்து, துளை வேண்டுமா என்று பார்ப்போம்.