காலையில் ஒட்டிக்கொள்ளும் இமைகள்: மூப்பு என்று விட்டுவிடலாமா?



பேரா மாநிலத் தோட்டங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்த தலைமுறை இன்று எழுபது, எண்பது வயதைத் தொட்டு நிற்கிறது. ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின; சில வீடமைப்புப் பகுதிகளாயின. சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா வட்டாரத் தோட்டங்களை விட்டு வெளியேறியவர்களில் பலர் ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களில் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். விடியுமுன் எழும் பழக்கம் மட்டும் அவர்களை விட்டுப் போகவில்லை. எழுந்ததும், பீளை கட்டி ஒட்டிய இமைகளைத் தண்ணீர் தொட்டுப் பிரிக்கிறார்கள். கண்ணில் மண் விழுந்தது போல் உறுத்துகிறது என்பார்கள். ஏன் என்று கேட்டால், “வயசாயிடுச்சு, அப்படித்தான்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அது வெறும் மூப்பு அன்று. இமை விளிம்பு அழற்சி என்ற நோய். மருத்துவர்கள் பிளெஃபரைட்டிஸ் என்பார்கள்.

இமைமுடிகளுக்குச் சற்றுப் பின்னால், விளிம்பில், ஊசிமுனை அளவான துவாரங்கள் வரிசையாக உண்டு. அவை எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள். மேல் இமையில் முப்பதுக்குக் குறையாமலும் கீழ் இமையில் இருபதுக்கு மேலும் இருக்கும். 1666-இல் இவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் மைபோமின் பெயரே இவற்றுக்கு நிலைத்துவிட்டது. இந்த எண்ணெய், கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் படர்ந்து கண் காயாமல் காக்கிறது. வயது ஏற ஏற எண்ணெய் உறைந்த நெய்போல் கெட்டியாகி வாய் அடைபடும். படலம் கலைந்தால் கண் எரியும். எரிச்சலைத் தணிக்க உடல் கண்ணீரைக் கொட்டும். கண் வறண்டவருக்குத்தான் நீர் வடிகிறது என்றால் நம்பாதவர்கள் உண்டு. ஆனால் உண்மை அதுதான்.

எத்தனை பேருக்கு? அண்டை நாடான சிங்கப்பூரில் 40 வயதுக்கு மேற்பட்ட 3,000-க்கும் அதிகமான மலாய்க்காரர்களைச் சோதித்து 2012-இல் வெளியான ஆய்வில், 56 விழுக்காட்டினருக்கு இந்தச் சுரப்பிக் கோளாறு காணப்பட்டது. பாதிக்கும் மேல்! இமைமுடி வேரில் வாழும் டெமொடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணியும் வயதோடு பெருகுகிறது. முடியின் அடியில் பொடுகுபோல் வளையம் கட்டியிருந்தால் அதன் வேலையாக இருக்கலாம்.

இதைச் சிறு தொல்லை என்று ஒதுக்க முடியாது. 2014 தேசியக் கண் ஆய்வின்படி, மலேசியாவில் 50 வயதைக் கடந்தவர்களின் பார்வையிழப்புக்குத் தலையாய காரணம் அறுவை செய்யப்படாத கண்புரை. இமை விளிம்பில் அழற்சியும் கிருமியும் இருந்தால் அறுவையின்போது அது கண்ணுக்குள் நுழையும் ஆபத்து உண்டு. அதனால் மருத்துவர் தேதியைத் தள்ளிவைக்க நேரிடும். மாதக்கணக்கில் காத்திருந்து, மகனை வேலைக்கு விடுப்பு எடுக்க வைத்து வந்த முதியவர், இமை சுத்தமில்லாததால் திரும்பிப் போவது எவ்வளவு வீண்!

சிகிச்சையில் செலவு அதிகமில்லை. சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். ஆறினால் மறுபடி நனைக்கலாம். நீரிழிவுக்காரர்களுக்குக் கையில் சூடு தெரியாது போகலாம்; வீட்டில் மற்றவர் தொட்டுப் பார்ப்பது நல்லது. பிறகு மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் மெல்லத் தடவ வேண்டும். கடைசியில், குழந்தை ஷாம்பு சில துளிகள் கலந்த நீரில் பஞ்சை நனைத்து முடிகளின் அடியைத் துடைக்க வேண்டும். முதலில் நாளுக்கு இருமுறை. குறைந்த பின் ஒருமுறை. நிறுத்தினால் திரும்ப வரும். பல் துலக்குவதை யாரும் நிறுத்துவதில்லையே!

தோட்டத்தில் டிரஸர் தந்த களிம்போடு கண் வைத்தியம் முடிந்த காலம் உண்டு. அந்தப் பழக்கத்தில் இன்றும் சிலர், பக்கத்து வீட்டார் மிச்சம் வைத்த சொட்டு மருந்தை விட்டுக்கொள்கிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு உடனே அடங்கும். ஆனால் மேற்பார்வையின்றித் தொடர்ந்தால் கண் அழுத்தம் ஏறி, போன பார்வை திரும்பாது. தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் கண்ணுக்குள் வேண்டவே வேண்டாம்.

நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ அரசாங்கக் கிளினிக் போகும் நாளில் இமையையும் காட்டலாம். தேவைப்பட்டால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் கண் பிரிவுக்குக் கடிதம் கிடைக்கும். ஒரு கண்ணில் மட்டும் ஆறாத வீக்கம், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கண்கட்டி, அவ்விடத்தில் இமைமுடி உதிர்வது ஆகியவை இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. அபூர்வமாக அது எண்ணெய்ச் சுரப்பியின் புற்றுநோயாக இருக்கும். சிறிதாக இருக்கும்போதே அகற்ற வேண்டியது.