குதிரையின் குணமும் குதிரையின் காதும்

“குதிரை குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை” என்று நம் முன்னோர் ஒரு பழமொழி வழங்கினர். உதைப்பதும் கடிப்பதும் போதாவென்று முட்டவும் தொடங்கினால் வளர்ப்பவன் கதி என்னாவது என்பது அதன் கருத்து. ஆனால், குணக்கேடு என்று நாம் பழிப்பவற்றுட் சில உண்மையில் காது நோயே ஆகும். அதனை எடுத்துக் கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

குதிரை காதினாற் கேட்கின்றது. காதினாலேயே பேசவும் செய்கின்றது. ஒரு காதை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் தனித்தனியே திருப்ப வல்லது அது. முன்னோக்கி நிமிர்ந்த காது கவனத்தைக் காட்டும். பிடரியோடு படிந்த காது சினத்தைக் காட்டும், சில வேளைகளில் நோவையும் காட்டும். இந்த இரண்டாவது பொருளைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம்.

நேற்றுவரை அமைதியாகக் கடிவாளம் ஏற்ற குதிரை, இன்று கை தலையருகே வந்ததும் கழுத்தை உயர்த்திப் பின்வாங்குகின்றது என்று வைத்துக் கொள்வோம். பராமரிப்பவர் அதட்டுகின்றார், பின்னர் காதையே முறுக்கிப் பிடித்து அடக்குகின்றார். அக்காதினுள்ளே நோயிருந்தால் அந்தப் பிடி எத்துணை வேதனை தரும்! அன்று முதல் அது தலையைத் தொடவே விடாது. “முரட்டுக் குதிரை” என்ற பெயரும் நிலைத்துவிடும். ஆதலின், காதைப் பிடித்து அடக்கும் வழக்கத்தை அறவே கைவிடுதல் நலம்.

இனி, நோயை உணர்த்தும் அறிகுறிகளைக் கூறுவேன். அடிக்கடி தலையை உதறுதல், காதைத் தூணிலோ முன்னங்காலிலோ தேய்த்தல், தலையை ஒருபுறம் சாய்த்தல், காதிலிருந்து நீரோ சீழோ வடிதல், தீய நாற்றம் வீசுதல் ஆகியன அவை. ஒரு காது மட்டும் தொங்கி, அதே பக்கத்து உதடும் கண்ணிமையும் தளர்ந்திருப்பின், முகநரம்பு பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். அந்நிலையில் ஒரு நாளும் தாமதித்தலாகாது.

காதின் உட்புறத்தில் வெண்ணிறப் பொருக்குப் படிவதும் உண்டு. சிற்றீக்கள் கடிக்குமிடத்தில் வைரசு ஒன்றினால் இது தோன்றுகின்றது. பல குதிரைகளுக்கு இதனால் துன்பமில்லை. அழுக்கென்று எண்ணி நகத்தாற் சுரண்டினால்தான் புண்ணாகும். ஈக்கள் அணுகாதவாறு காதுக்கு மெல்லிய வலையுறை இடலாம். உள்மயிரை முற்றாக மழிக்கவும் வேண்டாம். அம்மயிரே தூசிக்கும் பூச்சிக்கும் தடை.

நம் நாட்டிற் குதிரை வளர்ப்போர் சிறப்பாக அறிய வேண்டிய பகை ஒன்றுண்டு. அது காது உண்ணி. அமெரிக்கக் கண்டத்துக்குரிய இவ்வுண்ணி, நுவரெலியாப் பந்தயக் குதிரைகளின் காதுகளிலும் காணப்பட்டதை நம் நாட்டு ஆராய்ச்சியாளர் பதிவு செய்துள்ளனர். லாயத்திற் பணிபுரிந்தோர் காதிலும் அது புகுந்ததுண்டு.

இதன் வாழ்க்கை விந்தையானது. பொரித்த குஞ்சு குதிரையின் செவிக்குழாயில் ஆழமாகப் புகுந்து இரத்தம் உறிஞ்சும். அங்கேயே தோலுரித்து, முட்கள் பொருந்திய இளம் உண்ணியாகி, மாதக்கணக்கில் தங்கும். பின்பு கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் மரப்பிளவிலும் ஒளிந்து முதிரும். முதிர்ந்த உண்ணி உணவே கொள்ளாது. அவ்வெடிப்புகளில் முட்டையிட்டு மடியும். ஆகவே, காதுக்கு மட்டும் மருந்திட்டு லாயத்தை மறந்தவர் பாதி வேலையே செய்தவராவார். வெடிப்புகளைப் பூசி அடைத்தல், மரத்தூண்களுக்கும் சுவருக்கும் உண்ணிக்கொல்லி தெளித்தல், புதிதாக வரும் குதிரையின் காதைச் சோதித்த பின்னரே உள்ளே சேர்த்தல் ஆகிய மூன்றும் இன்றியமையாதன.

இவ்வுண்ணியின் தொல்லை காதோடு நிற்பதுமில்லை. 1995ஆம் ஆண்டில் அமெரிக்க மிருக வைத்திய ஏடொன்றில் ஐந்து குதிரைகளின் வரலாறு வெளிவந்தது. அவற்றின் தசைகள் விட்டுவிட்டு இறுகி வலித்தன. பார்ப்பவர் வயிற்றுச் சூலை என்று மயங்கத்தக்க வேதனை அது. காதிலிருந்த உண்ணிகளுக்கு மருந்திட்டதும் அவை குணமடைந்தன. வயிற்றைத் தடவிக்கொண்டிருக்கையில் நோயின் மூலம் காதில் இருந்தது!

வீட்டு வைத்தியம் செய்யலாமா என்று கேட்பீர்கள். குச்சி, பஞ்சு சுற்றிய கம்பி, மண்ணெண்ணெய் ஆகிய எதுவும் காதினுள் செல்லலாகாது. குதிரையின் செவிக்குழாய் நீண்டு வளைந்தது. செவிப்பறை வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அது கிழிந்திருப்பின், நல்ல மருந்துங்கூடச் செவிப்புலனைக் கெடுக்கலாம். மிருக வைத்தியர் வேண்டியவிடத்து மயக்கமருந்து கொடுத்து, கருவியின் துணையுடன் உள்ளே நோக்கியே மருந்தைத் தீர்மானிப்பார்.

நீங்கள் செய்யத்தக்கது எளியது. நாள்தோறும் உடம்பு தேய்க்கும்போது கழுத்திலிருந்து மெல்லக் கையை நகர்த்தி, காதின் அடியைத் தடவிப் பாருங்கள். வெப்பம், வீக்கம், நாற்றம் உண்டா என்று கவனியுங்கள். நலமாயிருக்கும் நாளிற் பழக்கினால், நோயுற்ற நாளில் அது உங்கள் கையை நம்பும்.

நேயர்களே, வாய் பேசாத பிராணி தன் நோவைச் சொல்லத் தலையை உதறுகின்றது. அதற்குச் சவுக்கால் மறுமொழி கூறுதல் நீதியன்று. அடுத்த முறை ஒரு குதிரை காதைத் தொட விடாவிடின், அதன் குணத்தைப் பழிக்கு முன் அதன் காதைப் பாருங்கள்.