துடைத்தாலும் போகாத பூஞ்சணம்



கொப்பரையைச் செக்குக்கு அனுப்புமுன் என் அம்மா ஒவ்வொன்றாய் எடுத்து, பச்சையும் மஞ்சளுமாய்ப் படிந்த பூஞ்சணத்தைப் பழந்துணியால் துடைப்பார். துடைத்தது வெள்ளையாய் இருக்கும். எங்களுக்கு அது போதும். துணியோடு போனது பங்கசு. அது சுரந்த நஞ்சு கொப்பரைக்குள்ளேயே இருந்தது. பொரிக்கிற சூட்டிலும் அது முழுதாய் அழியாது.

1960இல் இங்கிலாந்தில் இலட்சம் வான்கோழிகள் செத்தபோதுதான் அந்த நஞ்சை, அஃப்ளாரொக்சினை, உலகம் அறிந்தது. தீவனத்தில் பிரேசில் கச்சான் பிண்ணாக்கு இருந்தது. 1969இல் பேராதனையில் அர்சகுலரத்ன குழுவினர் எங்கள் குசினிக்கே வந்துவிட்டார்கள்: துருவிய தேங்காயில் அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பங்கசு வளர்ந்தால் இந்த நஞ்சு தாராளமாய் உண்டாகும் என்று காட்டினார்கள். 1974இல் குஜராத், ராஜஸ்தான் ஊர்களில் மழையில் நனைந்த சோளத்தைத் தின்று நோயுற்ற 397 பேரில் 106 பேர் இறந்தனர். வீட்டு நாய்களும் செத்தன.

அப்படிப்பட்ட சாவு அரிது. என் கவலை, சத்தமில்லாமல் நடப்பதைப் பற்றியது. அஃப்ளாரொக்சின் பி1ஐ வெளியேற்றப் புறப்படும் ஈரல் நொதியங்களே அதை எப்பொக்சைட்டாக மாற்றி இன்னும் பொல்லாததாக்கிவிடுகின்றன. அது டி.என்.ஏ.யின் குவானினில் ஒட்டிக்கொள்ளும். கலம் திருத்தத் தவறினால் குவானின் இருந்த இடத்தில் தைமின் வந்து உட்காரும். சீனாவிலும் ஆபிரிக்காவின் தென்பகுதியிலும் ஈரல் புற்றுநோயாளரின் பி53 பரம்பரையலகில், 249ஆம் இடத்தில், இதே மாற்றத்தை 1991இல் கண்டார்கள். டி.என்.ஏ. இழை அறுந்தால் நிறமூர்த்தமே துண்டாகும். கலம் பிரியும்போது அந்தத் துண்டு பின்தங்கிவிடும். நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெரிய கரு, அதன் அருகே ஒட்டாமல் ஒரு சின்னப் புள்ளி. அந்த நுண்கருக்களை எண்ணித்தான் சேதத்தை அளக்கிறோம்.

2021இல் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் அஃப்ளாரொக்சின் என்றதும் இலங்கையே பதறியது. உள்ளூர்க் கொப்பரையைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை.

இனி, பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியல். அதைத் தொடாமல் யாழ்ப்பாணத்தில் பூஞ்சண நஞ்சு பற்றி ஒரு கருத்தரங்கை நடத்த முடியாது. ஒடியல் மாவை நெடுநாள் ஊட்டிய எலிகளின் ஈரலில் நாளங்கள் அடைபட்டிருந்ததை 1976இல் பானபொக்கவும் அர்சகுலரத்னவும் காட்டினார்கள். எண்பதுகளில் பக்டீரியாச் சோதனைகளிலும் அந்த மா விகாரங்களை உண்டாக்கியது. உடனே பனையிலேயே நஞ்சு என்பார் ஒரு சாரார். ஒடியற்கூழ் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள் என்று கோபிப்பார் மறுசாரார். இரண்டும் எனக்கு அவசரமாகவே படுகிறது. கிழங்கைக் கிண்டி, கிழித்து, பாயில் பரப்பியபின் மழைக்குணம் வந்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்று இங்கே தெரியாதவர் இல்லை. மாவைச் சோதிப்பவர் கிழங்கு கிண்டிய நாள், காய்ந்த நாட்கள், ஈரப்பதன் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும். பூஞ்சணம் தொடாத ஒடியலையும், அவித்துக் காயவைத்த புழுக்கொடியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். சந்தையில் வாங்கிய ஒரு பைக்கற்றை வைத்துப் பனையையும் குற்றஞ்சாட்ட முடியாது, பங்கசையும் குற்றஞ்சாட்ட முடியாது.

முதற் கட்டுரை கச்சான் பற்றியது, கட்டுரையாளரை அழைக்கிறேன். தேநீருக்கும் வறுத்த கச்சான்தானாம். எடுப்பதா விடுவதா என்பதைக் கட்டுரையைக் கேட்டபின் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.