காய்ச்சல் போன பிறகும்…
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேரியா என்றால் குளிர், நடுக்கம், மாத்திரை, பிறகு சரியாகிவிடும் என்றுதான் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் ஃபால்சிபாரம் என்ற வகை முற்றினால் கதை வேறு. கிருமி புகுந்த சிவப்பணுக்கள் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஒட்டி அடைக்கின்றன. வலிப்பு வரும், நினைவு தப்பும். ஆப்பிரிக்கக் குழந்தைகளைத்தான் இது அதிகம் தாக்குகிறது.

உகாண்டாவில், கம்பாலா நகரின் முலாகோ மருத்துவமனையில் இப்படிப் பிழைத்த 5 முதல் 12 வயதுக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2008இல் வெளிவந்தது. நோய் வந்து 2 ஆண்டுக்குப் பிறகும் 100க்கு சுமார் 26 பேருக்கு அறிவுத்திறனில் குறைபாடு. நோய் வராத அக்கம்பக்கத்துக் குழந்தைகளில் அது சுமார் 8 பேருக்குத்தான். அதிகம் அடிபட்டது, கவனம்.

அந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பிழைத்ததே போதும் என்று பள்ளிக்கு அனுப்புகிறார்கள். கை கால் நன்றாக இருக்கிறது. ஆனால் பாடம் மனதில் நிற்பதில்லை. சில பிள்ளைகளுக்கு ஓயாத பரபரப்பு, முன்கோபம். 'சோம்பேறி', 'அடங்காதவன்' என்று பெயர் வாங்குகிறார்கள். பழைய காய்ச்சலை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. எங்கள் பாஷையில், அசல் அடைந்துவிட்டது, வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

சென்ற ஆண்டு நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு பையனை, "உனக்குக் கவனமே இல்லை" என்று எல்லார் முன்னாலும் திட்டிவிட்டேன். ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளை. ஊரில் மலேரியா வந்து இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தான் என்று அவன் அம்மா பிறகு சொன்னார். காரணம் அதுதானா, எனக்குத் தெரியாது. கேட்காமல் திட்டியது என் தவறு.

மூன்று வேண்டுகோள். குளிர்காய்ச்சல் என்றால் தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பெரிய காய்ச்சலிலிருந்து எழுந்த பிள்ளை படிப்பில் பின்தங்கினால் அடிக்காதீர்கள். டாக்டரிடமும் டீச்சரிடமும் சொல்லுங்கள். மூன்றாவது, நகரத்தில் மலேரியா பரப்பும் கொசு சாக்கடையில் அல்ல, நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். பி பிளாக் மாடித் தொட்டியின் மூடி உடைந்து மூன்று மாதம் ஆகிறது. அடுத்த கூட்டத்துக்குள் மாற்றிவிடுவோம்.